விளையாட்டுக் காசு

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
14 ஜனவரி 2007

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓட்டைக் காசுகளுக்குள் ஒரு முதலையைக் கண்டேன்.

நான் வேலைக்குப் போகும், பழைய காசும் தபால் முத்திரையும் விற்கும் கடையில் யாரோ ஒரு வாளி நிறையச் சில்லறையைக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். பின்னறையில் இருந்து அதைத் தரம் பிரிப்பதுதான் என் வேலை. ஒரு குரோன், ஐந்து குரோன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஓட்டை இருப்பதால் அவற்றைக் கம்பியில் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றி முதலை. உடனே தெரிந்துவிட்டது, பப்புவா நியூகினியின் ஒரு கினா. சின்ன வயதில் நீங்கள் நூலில் கோர்த்து என் கழுத்தில் போட்டுவிட்ட அதே காசு.

கடைக்காரி குன்வோரிடம் காட்டினேன். "இந்த நாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் எழுதி, மறுநாள் அவருடைய மேசையில் வைத்தேன். அதைப் படித்துவிட்டு, மார்ச் மாதத்துக் கண்ணாடியை எனக்குத் தந்திருக்கிறார். கடையின் முன் கண்ணாடியில் மாதம் ஒரு நாட்டின் காசை வைப்பது அவருடைய வழக்கம். அது சரியாக வந்தால் என்னை நிரந்தரமாக எடுப்பதைப் பற்றிக் கதைப்போம் என்றார்.

மார்ச் முடிவதற்குள் நிரந்தர வேலை இல்லாவிட்டால் ஓகஸ்டில் திரும்பப் பள்ளிக்கூடம், அதுவும் முடியாதென்றால் உங்கள் மீன் ஆலைக்கு வந்து மீன் வெட்டவேண்டும் என்று ஒக்டோபரில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு, நத்தார் விடுமுறைக்கு வந்து நின்றபோதுகூட, நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டினால் உங்களுக்கு உடனே வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பச்சைத் தாள் வேண்டும். 1991இல் தென் பசிபிக் விளையாட்டு விழாவுக்காக அடித்த இரண்டு கினாப் பணத்தாள். உங்களிடம் ஒன்று இருக்கிறது என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். மார்ச் முதலாம் திகதி கண்ணாடியில் அது இருக்கவேண்டும். தருவீர்களா?

வனி

*

பாட்ஸ்பியோர்ட்
வட நோர்வே
23 ஜனவரி 2007

வனிக்கு,

புயலால் விமானம் வரவில்லை. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

அந்தக் காசில் இருப்பது இரண்டு முதலைகள். ஒரு முதலை என்று எழுதியிருக்கிறாய். இதைத்தான் கண்ணாடியில் எழுதி வைக்கப் போகிறாயா?

நீ காசு பிரிக்கிறாய். நான் மீன் பிரிக்கிறேன். பெரியது ஒரு பெட்டி, சிறியது ஒரு பெட்டி. பப்புவா நியூகினியில், கொரோக்காவில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு இங்கே வந்து இதைச் செய்வது, நீயும் ஒரு பின்னறையில் இருந்து பிரிப்பதற்காக அல்ல. வகுப்பில் எழுந்து நின்று கதைக்க வெட்கம் என்று பள்ளிக்கூடத்தை விட்டவள் உலகத்தில் நீ ஒருத்திதான். இதை உன்னிடம் வாயால் சொன்னால் நான் கத்துவேன். அதனால்தான் தொலைபேசிக்கு வருவதில்லை.

எழுதுவதென்றால் பிழையில்லாமல் எழுது. கினா என்பது முதலில் காசின் பெயரில்லை. பிறை வடிவில் வெட்டிய பெரிய முத்துச்சிப்பி. மலைநாட்டு மக்கள் அதைக் கழுத்தில் போடுவார்கள், பெண்ணெடுக்கக் கொடுப்பார்கள். தங்கம் தேடி வந்த ஆஸ்திரேலியர்கள் கூலி கொடுக்க அந்தச் சிப்பியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மூட்டை மூட்டையாக வந்ததும் அதன் மதிப்பு விழுந்துவிட்டது. அதற்கு முன்னர் அங்கே ஜேர்மன்காரருடைய மார்க் இருந்தது, சொர்க்கப் பறவை படத்தோடு. பிறகு ஓட்டைச் சில்லிங். போர்க் காலத்தில் யப்பான்காரர் அடித்த தாள். அதன் பின் ஆஸ்திரேலிய டொலர். 1975இல் சுதந்திரம் கிடைப்பதற்குச் சில மாதங்கள் முன்னரே தங்கள் காசுக்குத் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

சில்லறைக்குப் பெயர் தோயா. அதுவும் ஒரு சிப்பி, கையில் போடும் வளையம். நான் விடுமுறையில் ஊருக்கு வந்து "இருபது தோயா" என்று சொன்னபோது உன் அம்மா, "தோயாத காசோ? அப்ப தோய்க்கக் கிணத்தடியில வையுங்கோ" என்றாள்.

தாள் இங்கே இல்லை, ஒஸ்லோவில் இருக்கிறது. அறை அலுமாரியின் மேல்தட்டில் என் கறுப்புப் பை. அதற்குள் ஒரு மண்ணிற உறை. உறையின் மேல் நானே எழுதி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள். ஆனால் ஒக்டோபரில் சொன்னது சொன்னதுதான்.

அப்பா

*

மோர்டென்ஸ்ருட்
1 பெப்ரவரி 2007

அப்பா,

உறை இல்லை.

பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். ஓட்டைச் சில்லிங் இருக்கிறது. யப்பான்காரருடைய தாள் இருக்கிறது, பழைய கடதாசி இரண்டு கினா இருக்கிறது, உங்கள் கொரோக்கா பள்ளிக்கூடத்து அடையாள அட்டைகூட இருக்கிறது. மண்ணிற உறை மட்டும் இல்லை. அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன்.

அம்மா வாசலில் நின்று, "உந்தப் பைக்குள்ள என்னத்தைக் கிண்டுறாய்? கொப்பர் வந்தாலும் உதைத்தான் கிண்டுறார். இப்ப நீயும் துவங்கிட்டாய்" என்றா. மண்ணிற உறை கண்டீர்களா என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும், நான் உங்கட காசுகளைத் தொடுறதில்லை" என்று சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போய்விட்டா.

மற்றதையெல்லாம் கடைக்குக் கொண்டுபோய் அடுக்கிப் பார்த்தேன். குன்வோர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நடுவில் ஏதோ குறைகிறது" என்றார். எனக்குத் தெரியும் என்று மனதுக்குள் சொன்னேன்.

நத்தாருக்கு வந்து போகும்போது நீங்களே அதைக் கொண்டுபோயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மறந்துபோய் என்னைத் தேட விட்டிருக்கிறீர்கள். அல்லது மறக்கவேயில்லை. கண்ணாடி நல்லாக வராவிட்டால் உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும் அல்லவா?

வகுப்பில் நான் எழுந்து நிற்காமல் விடவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றேன். எழுதிய தாளும் கையில் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. அதை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வனி

*

பாட்ஸ்பியோர்ட்
8 பெப்ரவரி 2007

வனி,

நான் திருடனா? என் சொந்தத் தாளை நானே எடுத்து ஒளித்துவைத்துவிட்டு உன்னைத் தேடச் சொல்லுவேனா? உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பிறகு கையுறையைப் போடவே மனம் வரவில்லை. பக்கத்தில் நிற்கும் கிளெமென்ற், "மாஸ்டர், மீன் என்ன பிழை செய்தது? உப்பிடிக் குத்துறியள்" என்று கேட்டான்.

பதினைந்து வருடம் அது அந்தப் பைக்குள்தான் இருந்தது. ஒருவரும் குழம்பக்கூடாது என்று உறையின் மேல் பெரிய எழுத்தில் 'விளையாட்டுக் காசு' என்று எழுதி வைத்தேன். படிக்கத் தெரிந்த எவரும் அதைத் தவறவிட முடியாது. வீட்டில் இருக்கிறவர்கள் நீங்கள். தொலைத்ததும் நீங்கள்தான்.

அது என்ன தாள் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சொல்கிறேன். விழாவின் சில போட்டிகள் லே நகரத்தில் நடந்தன. கொரோக்காவில் இருந்து பள்ளிக்கூடத்து ஓட்டக்காரப் பிள்ளைகளைப் பார்வையாளராக பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மைதான வாசலில் ஒரு பெண் கச்சான் கடலை விற்றுக்கொண்டு நின்றாள். மக்டலீன். என் எட்டாம் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு தவணை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன், பயனில்லை. இரண்டு வருடம் கழித்து அங்கே நிற்கிறாள். கச்சான் வாங்கினேன். மிச்சக் காசாகப் புத்தம்புதுப் பச்சைத் தாளைத் தந்தாள். அந்த நாட்டின் முதல் பிளாஸ்டிக் தாள் அதுதான். அதன் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு இடம் இருக்கும். "சேர், இது தோய்ச்சாலும் போகாது" என்று சிரித்தாள். எனக்குப் பின்னால் சனம் நெருக்கியதால் மேலே ஒன்றும் கேட்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நீ பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று உன் அம்மா சொன்ன அன்று அந்தக் கச்சான்தான் நினைவுக்கு வந்தது. இப்போது தாளும் இல்லை.

அப்பா

*

மோர்டென்ஸ்ருட்
15 பெப்ரவரி 2007

அப்பா,

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோசப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உறையின் மேல் எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டா.

"ஐயோ, அதோ? அதை நான் மாமியின்ர பிள்ளை தனுஷாவுக்கு எல்லோ குடுத்தனான்!"

"ஏனம்மா?"

"விளையாட்டுக் காசெண்டு கொப்பர்தான் எழுதி வைச்சவர். திறந்து பாத்தன், பிளாஸ்ரிக். கிளி மாதிரி ஒரு குருவிப் படமும் கிடந்துது. பிள்ளையள் கடை வைச்சு விளையாடுற காசாக்கும், நீ சின்னனில விளையாடினதாக்கும் எண்டு நினைச்சன். சிவமலர் மாமி வந்தநேரம் பிள்ளை அழுதுகொண்டு நிண்டுது. எடுத்துக் குடுத்தன்."

இதுதான் நடந்தது. நீங்கள் விளையாட்டு விழாவை நினைத்து எழுதினீர்கள். அம்மா குழந்தைகள் விளையாடுவதை நினைத்து வாசித்தா. நோர்வேஜிய மொழியில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அந்த மொழியில் எழுதியிருந்தால் தாள் இன்னும் பைக்குள் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இருவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் காசு மாமியின் லோறென்ஸ்கூக் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மாவில் கோபப்படவும் முடியவில்லை, உங்களில் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

உங்களைக் கள்ளர் மாதிரி எழுதியது பிழைதான்.

ஆனால் நான் மாமி வீட்டுக்குப் போகமாட்டேன். கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால், "உங்கட மகளுக்கு வாய் இருக்கோ, இல்லாட்டி அதையும் விட்டிட்டாவோ?" என்று அம்மாவிடம் கேட்டவ அவதான். நீங்கள் அவவின் அண்ணன். ஒரு தரம் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். அம்மா போய் வாங்கிவருவா.

மக்டலீனைப் பற்றி இரண்டு தரம் வாசித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதால் அவளையும் என்னையும் ஒன்றாக நினைக்கிறீர்கள். ஆனால் அவள் மைதான வாசலில் சனத்துக்குள் நின்று கூவி விற்றாள், அப்பா. என்னால் அது முடிந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது.

வனி

*

பாட்ஸ்பியோர்ட்
21 பெப்ரவரி 2007

வனி,

தொலைபேசி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இருக்கிறது.

உன் மாமி அரைமணி நேரம் சிரித்தாள். "அண்ணை, ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுத்தனியள், ஒரு உறையில விளங்கிற மாதிரி எழுதத் தெரியேல்லையே?" என்றாள். 'விளையாட்டு விழா நினைவுத் தாள்' என்று எழுதியிருக்கவேண்டும். அன்று பேனையில் மை குறைவாக இருந்தது.

தாள் இருக்கிறதாம். பிள்ளையின் காற்சட்டைப் பையோடு தோய்க்கிற மெசினில் போட்டு எடுத்ததாம். ஒன்றும் ஆகவில்லையாம். மக்டலீன் சொன்னது சரிதான்.

ஆனால் தனுஷா தரமாட்டாளாம். அவளுடைய கடையில் இருப்பதிலேயே பெரிய காசு அதுதானாம். "பறிச்சு எடுத்தா வீட்டைத் தலைகீழாக்கிப்போடுவாள். வேணுமெண்டா வனியே வந்து கேக்கட்டும், அவவின்ர குரலை நாங்களும் ஒருக்காக் கேப்பம்" என்றாள் மாமி. நான் கத்திப்போட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், அவளிடம் கத்தியதால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்தது.

வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ எழுந்து நின்றாய் என்பது எனக்குத் தெரியாது. நீ எழும்பவே மறுத்துவிட்டாய் என்றுதான் உன் வகுப்பு ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

இங்கிருந்து நான் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. அம்மாவை அனுப்பாதே. நீ போ.

அப்பா

*

மோர்டென்ஸ்ருட்
3 மார்ச் 2007

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை வேலை முடிந்ததும் போனேன். பஸ்ஸில் ஏறியதில் இருந்து மாமி வீட்டு வாசல் வரை வாய்க்குள் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். கதவு திறந்ததும் அது போய்விட்டது.

"வாங்கோ வாங்கோ, காசுக்காரி வந்திருக்கிறா" என்றா மாமி. நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

தனுஷா சோபாவுக்கு முன்னால் கடை விரித்திருந்தாள். தகரத்தில் அடைத்த மீன் ரின், வாழைப்பழம், மாமியின் ஒரு செருப்பு. கல்லாப்பெட்டிக்குப் பதிலாக உங்கள் மண்ணிற உறை. உங்கள் கையெழுத்து மேலே தெரிந்தது. பச்சைத் தாளின் நுனி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தனுஷா, அந்தத் தாளை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"கேக்கேல்லை."

திரும்பக் கேட்டேன்.

"கேக்கேல்லை, மச்சாள்! இது கடை. கடைக்கு வந்தா என்ன வேணுமெண்டு சத்தமாச் சொல்லவேணும். காசு சாமான் இல்லை. காசு விக்கிறேல்லை."

குசினிக்குள் மாமி சிரித்தது கேட்டது. "அவவிட்டை சத்தத்துக்கு எங்க போறது பிள்ளை" என்றா.

எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. சப்பாத்து வாசலில்தான் இருந்தது. அப்போது மக்டலீன் கச்சான் விற்றதை நினைத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு நல்லாக இருக்கும். ஆனால் நினைக்கவில்லை. காசு விற்கிறதில்லை என்று அவள் சொன்னதைத்தான் நினைத்தேன். விற்கமாட்டாள். ஆனால் மிச்சம் தருவாள்.

"முதலாளி! ஒரு மீன் ரின் தாங்கோ!" என்றேன். என் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"பத்துக் குரோன்" என்றாள் தனுஷா.

என் பையில் இருந்த நூறு குரோன் தாளைக் கொடுத்தேன். உண்மையான தாள். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தாள்.

"மிச்சம்?" என்றேன். "எவ்வளவு பெரிய காசு தந்தனான்! மிச்சம் தராத கடைக்கு ஆர் வருவினம்?"

அவள் உறைக்குள் தேடினாள். இருந்தது அந்த ஒரு தாள்தான். யோசித்து யோசித்து அதை எடுத்து நீட்டினாள். "இதுதான் கிடக்கு. தோய்ச்ச காசு. பரவாயில்லையோ?"

"பரவாயில்லை" என்றேன்.

மாமி ஈரக் கையோடு வந்து நூறு குரோனை வாங்கி என்னிடம் திருப்பித் தரப் பார்த்தா. தனுஷா விடவில்லை. வீட்டைத் தலைகீழாக்குவாள் என்று நீங்கள் எழுதியது உண்மை. இப்போது உண்மையான நூறு குரோன் அங்கே விளையாட்டுக் காசாக இருக்கிறது. உறையைக் கேட்டேன். மாமி ஒரு பிஸ்கட் பெட்டியைக் கல்லாவாகக் கொடுத்து அதை வாங்கித் தந்தா. போகும்போது, "உனக்கு நல்ல குரலடி" என்று மட்டும் சொன்னா. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வியாழன் காலை குன்வோரிடம் தாளைக் காட்டினேன். பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு மூலையில் தனுஷா பென்சிலால் பூ வரைந்திருக்கிறாள். நடுவில் மடித்த கோடு. "சேர்ப்பவர்கள் யாரும் இதை வாங்கமாட்டார்கள்" என்றார். விற்கிறதற்கில்லை என்றேன். மற்றக் காசுகளை வரிசையாக வைத்து, நடுவில் தாளை வைத்தேன். குன்வோர் அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நான் உறையையும் எடுத்து, எழுத்து தெரியும்படி தாளுக்குக் கீழே வைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் மற்றதைச் சொன்னார். கண்ணாடி நல்லாக இருக்கிறதாம். ஆனால் வேலை கண்ணாடியில் இல்லையாம். ஏப்ரலில் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. முன் மேசையில் நிற்க ஆள் வேண்டும். "இதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கச் சனம் உள்ளே வரும். பின்னறையில் இருந்து நீயே எழுந்து வந்தால் வேலை உன்னுடையது. உனக்காக நான் எழுந்து போகவேண்டி வந்தால், இல்லை" என்றார். இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். அன்று முழுவதும் கதவு மணியைக் கேட்டுக் கேட்டுப் பயந்தேன். வந்தவர்கள் முத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்று மதியம் ஒரு கிழவர் வந்தார். தொப்பியில் பனி. கண்ணாடிக்கு வெளியே நெடுநேரம் நின்று பார்த்தவர்தான். கதவைத் திறந்துகொண்டு, ஆள் இல்லாத மேசையைப் பார்த்து, "அந்தப் பழுப்பு உறையில் உருண்டை உருண்டையாக எழுதியிருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டார்.

குன்வோர் பின்னறையில் என் பக்கத்தில் கோப்பிக் கோப்பையோடு இருந்தார். எழும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

கையிலிருந்த காசுகளைத் தட்டில் வைத்துவிட்டு, எழுந்து முன்னுக்குப் போனேன்.

வனி